இருபது நிமிடக் கடல்

முதலில் கேட்டது டக் என்ற சத்தம்தான். மேசை மேல் இருந்த ஃபேன் இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே போகும், வலது கோடியில் எதிலோ இடித்துக்கொண்டதுபோல ஒரு டக், பிறகு மனசில்லாமல் திரும்பி வரும். கஸ்பாரின் கண்ணுக்கு முன்னால் இன்னும் ஒன்றும் இல்லை, கறுப்பு மட்டும்தான். கண்ணை மறைத்து மாட்டியிருந்த ஹெட்செட்டின் ஸ்பஞ்சு கன்னத்து எலும்பில் ஈரமாக ஒட்டியது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவனைத்தான், போதுங்ணா, நேரமாகுது, மாட்டிக்கலாங்களா என்று பரீட்சை நடத்துகிற சிந்துஜா அவசரப்படுத்திவிட்டாள். பாதியில் விட்ட துணி மேசை ஓரத்தில் கிடக்கும். கன்னத்தில் ஒட்டுவது முந்தின ஆளின் வியர்வையா தன்னுடையதா, யார் கண்டது. மறுபடி டக். அந்தப் பக்கம் ஜன்னல். டக் வருகிற பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், மரத்துக்கு அப்பால் தூத்துக்குடியின் நிஜத் துறைமுகம், காலைப் பதினொரு மணி வெயில், நிஜக் கிரேன்கள் நாலு, அதில் மூன்றாம் நம்பர் இருபத்திரண்டு வருஷமாக அவனுடையது. இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் படம். படத்துக்குப் பயப்படுகிற வயசா இது, நாற்பத்தேழு. ஆனால் வயிற்றுக்கு வயசு தெரியவில்லை. அது படம் வருவதற்கு முன்பே, கறுப்பிலேயே, மெல்ல ஒருதடவை புரண்டு படுத்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருந்த இஞ்சிமரப்பாவை அவன் பல்லுக்கு நகர்த்தினான். வரும் தை மாதத்திலிருந்து யாரும் கிரேன் மேல் ஏற வேண்டாமாம். கீழே குளுகுளு அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, இதை மாட்டிக்கொண்டு, மேலே இருக்கிற கேமராக்களின் கண்ணால் பார்த்து ஓட்டலாமாம். அதற்கு மூன்று பரீட்சை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், இருபது நிமிடத்தில் கப்பலிலிருந்து எட்டுப் பெட்டி கரையில் இறங்க வேண்டும். தேறாதவன் வாசல் கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதலாம். இரண்டு பரீட்சை தேறியாகிவிட்டது, இது மூன்றாவது. எப்படித் தேறினோம் என்பது கஸ்பாருக்கு மட்டும்தான் தெரியும்.

படம் வந்தது. காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, கண்ணாடிக்குக் கீழே நாற்பது மீட்டர் வெறும் காற்று, அதற்கும் கீழே கடல். நன்றாகத்தான் செய்திருந்தார்கள் பாவிகள், அலை நுரைக்கிறது, கப்பலின் பக்கவாட்டில் துரு வழிந்திருக்கிறது, ஒரு கடற்காகம்கூடச் சுற்றுகிறது. ஆனால் வாசனை இல்லாத கடல். டீசல் இல்லை, உப்பு இல்லை, மீன் கருவாட்டு வாடை இல்லை, அறையில் இருப்பது சிந்துஜா தலையில் வைத்த மல்லிகையும் ஸ்பிரிட்டும். இரண்டு லிவரும் கைக்கு வந்தன. வலது கையை லேசாகத் தள்ளினான். உடனே உலகம் முன்னோக்கி ஓடியது, கண்ணாடித் தரைக்கு அடியில் கடல் பின்னால் வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் முதுகு எங்கும் போகவில்லை. முதுகு நாற்காலியில் இருந்தது. நிஜக் கிரேனில் லிவரைத் தொட்டால் கேபின் ஓர் உதறு உதறிவிட்டுத்தான் கிளம்பும், இடுப்பு எலும்பில் வந்து அது சொல்லிவிட்டுப் போகும், கிளம்பிட்டேன் என்று. இங்கே சொல்லாமல் கிளம்புகிறது. கண் போகிறோம் என்கிறது, காதுக்கு உள்ளே எங்கேயோ இருக்கிற ஏதோ ஒன்று இல்லை, உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது, இரண்டு சாட்சியும் இரண்டு விதமாகச் சொன்னால் வயிறு என்ன செய்யும், விஷம் தின்றுவிட்டோம் போல என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் வெளியே தள்ளப் பார்க்கும். இது சிந்துஜா முதல் நாள் சொன்ன விளக்கம். பொள்ளாச்சிப் பெண், இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும், அவ்வளவு பெரிய விஷயத்தைப் பல்லி விழுந்த பலன் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். விஷம். அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துப்போனது, பிடித்துப்போய் உள்ளேயே தங்கிவிட்டது. இப்போது முதல் பெட்டியின் மேல் இறங்கிக் கவ்வும்போது நெற்றியில் வேர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுகிற அந்தத் தண்ணீர் எச்சில். டக். ஜன்னல் அந்தப் பக்கம்.

இந்த எச்சிலை அவனுக்குப் பதினாலு வயசிலிருந்து தெரியும். அப்பா தொம்மை அவனை முதல்முறை விசைப்படகில் ஏற்றிக்கொண்டு போன அன்று, கரை கோடாக மெலிந்ததும் இதே எச்சில்தான் ஊறியது. பலகையைப் பிடித்துக்கொண்டு குடல் வாய்க்கு வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், தொம்மை மகன் மீனுக்குத் தீனி போடுறாம்டே என்று ஒருவன் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வலையைப் பார்த்துக்கொண்டே, கரையப் பாருல, கரை நவுராது என்று மட்டும் சொன்னார். பார்த்தான். கரையும் ஆடியது. ஏழு தடவை போய் ஏழு தடவையும் எடுத்து, எட்டாவது தடவை அப்பாவே எழுப்பவில்லை, அண்ணனை மட்டும் எழுப்பினார். அந்த விடியலில் விழித்துக்கொண்டே கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. கண்ணை மூடுவது அன்றைக்கே தொடங்கியதோ. பிறகு துறைமுகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, ஆப்பரேட்டருக்கு டீ தூக்கிக்கொண்டு மேலே ஏறி, டீ ஆறும் வரை பின்னால் நின்று அவர் மணிக்கட்டைப் பார்த்தே படித்துக்கொண்டான், யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொக்கியில் தொங்குகிற பெட்டி முன்னால் வீசும்போது கூடவே ஓர் அடி போய் அதைப் பிடித்து நிறுத்துகிற வித்தை வார்த்தையில் வராது, கையில்தான் வரும். மகன் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு அப்பா ஒருநாள் கேட்டார், படகுல ஆடுனா வருது, வானத்துல ஆடுனா வரலியோ உனக்கு. பதில் பின்னால்தான் பிடிபட்டது, கொடைக்கானல் மலைப்பாதையில், மனைவி இக்னேசி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் அவன் தோளில் சாய்ந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தபோது, டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது. ஓட்டுகிறவனுக்கு வராது. வளைவு வருமுன் அவன் கைக்குத் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான். கிரேனில் ஆட்டுகிறவன் நான், அதனால் வரவில்லை. அப்படியானால் இங்கேயும் லிவர் என் கையில்தானே இருக்கிறது, ஏன் வருகிறது என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டான். கைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒரு தயக்கம் இருக்கிறது, இமை கொட்டுகிற நேரத்தில் பாதிகூட இருக்காது, ஆனால் இருக்கிறது. கை சொன்னதைப் படம் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து செய்கிறது. இங்கே ஓட்டுவது அவன் இல்லை. ஓட்டுகிறவன் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை.

இரண்டாவது பெட்டி. கவ்வியது, காதில் கிளிக் கேட்டது. தூக்கினான். இனிக் கரைப் பக்கம் ஓட வேண்டும், கண்ணாடிக்குக் கீழே எல்லாம் வழுக்குகிற இடம், வயிறு எழுந்து உட்காருகிற இடம். கஸ்பார் கண்ணை மூடினான். ஒன்று, இரண்டு, மூன்று. இதுதான் அது. முதல் பரீட்சையின் நாலாவது நிமிடத்தில், அவமானப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில், தானாக மூடிய கண். மூடியதும் வயிறு அடங்கியது, காதில் மோட்டார் மட்டும் ஓடியது. அந்த மோட்டாரின் சுருதி அவனுக்கு இக்னேசி குறட்டையைவிட நன்றாகத் தெரியும். பதினொன்று வரை எண்ணினால் கரை. பதினொன்றில் சுருதி தாழும், லிவரை விட்டு, அரைக் கண்ணைத் திறந்து இறக்கினால் லாரியின் மேல் பெட்டி தாம்பாளத்தில் வைத்ததுபோல உட்காரும். ஹெட்செட்டுக்கு அவன் தலை எங்கே திரும்புகிறது என்று தெரியும், இமை மூடியிருப்பது தெரியாது. கப்பலும் தினம் அதே கப்பல், லாரியும் அதே இடத்தில். எண்பத்தொன்பது மதிப்பெண் வாங்கினான் முதல் தடவை, அடுத்து தொண்ணூற்றொன்று. கண்ணை அகலத் திறந்து வைத்து ஓட்டிய செல்வின் ஆறாவது நிமிடத்தில் வாளியைத் தேடினான், இப்போது அவன் கேட்டில் இருக்கிறான். பரீட்சை முடிந்ததும் சிந்துஜா ஒரு தாள் கொடுப்பாள், பதினாறு கேள்வி, குமட்டல் உண்டா, தலைச்சுற்று உண்டா, கண் கூசுகிறதா, வேர்க்கிறதா, ஒவ்வொன்றுக்கும் இல்லை, லேசாக, நடுத்தரம், அதிகம் என்று நாலு கட்டம். இரண்டு தடவையும் பதினாறுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று கிறுக்கிக்கொண்டு வந்தான். சிந்துஜா அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இரும்பு வயிறுங்ணா என்றாள். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினான். படி ஒவ்வொன்றும் கால் வைப்பதற்குள் ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டது.

ஒன்பது, பத்து, பதினொன்று. இறக்கினான். நகர்வது படியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டு நிமிர்ந்தபோது பீடம் இடப்பக்கமாக மெல்லச் சாய்ந்து, யாரும் பார்ப்பதற்குள் நிமிர்ந்துகொண்டது. பைக்கில் மேம்பாலம் ஏறும்போது ரோடு வழுக்கியது. இக்னேசி, என்ன ஒருமாதிரி இருக்கீக என்றாள், சுகர் பாக்கணும் என்றான். இது மூளைக்குள் ஏதாவது கட்டியாக இருக்குமோ என்று ஒரு விடியற்காலை நினைத்தான், நினைத்ததும் கட்டியாகவே இருந்தால் நல்லது என்றும் தோன்றியது, கட்டி என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் இதெல்லாம் ஒன்றுமில்லை. நினைப்பு வந்து முட்டுகிற இடம் வேறே. வேண்டாம் என்று சுற்றிக்கொண்டு போனாலும் முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி அங்கேயே வந்து இழுபடுகிறது. நேற்றுக் காலை. நிஜக் கிரேன், மூன்றாம் நம்பர், நிஜப் பெட்டி, முப்பது டன். கப்பலிலிருந்து தூக்கி, கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது மனசுக்குள் யாரோ ஏழு என்றார்கள். ஏழு. யார் எண்ணுகிறது என்று ஒரு கணம் பார்த்தான். பார்க்க முடியவில்லை, ஏனென்றால் கண் மூடியிருந்தது. நிஜக் கேபினில், நிஜக் கடல் மேல், அவன் கண்ணை மூடி ஏழு வரை எண்ணியிருந்தான். வயிறு ஒன்றும் கேட்கவில்லை, தலை சுற்றவில்லை, எந்தத் தேவையும் இல்லை, பழக்கம் மட்டும். திறந்தான். கீழே, பாதைக்கு நேரே, ஆரஞ்சுச் சட்டையில் கொம்பையா. பெட்டிகளைக் கம்பி போட்டுக் கட்டுகிற லேஷிங் ஆள், பதினைந்து வருஷப் பழக்கம். உயர்த்திய கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இருக்கிறவன் குறுக்கே போகுமுன் கையைத் தூக்கிக் காட்டுவான், மேலே இருக்கிறவன் பார்த்துவிட்டேன் என்று ஒரு மணி அடிப்பான், அதற்கப்புறம்தான் அவன் அடி எடுத்து வைப்பான். இது எந்தக் காகிதத்திலும் இல்லை, ஆனால் இந்தத் துறைமுகத்தில் இதை மீறினவன் கிடையாது. கொம்பையா கையைக் காட்டியிருக்கிறான். மணி வரவில்லை. கஸ்பார் அண்ணாச்சிதானே மேலே, பார்த்திருப்பார் என்று நினைத்து, நடந்துவிட்டான். பெட்டி அவன் தலைக்கு மேலாகப் போனது. மேலாகத்தான் போனது, நாலு ஆள் உயரம் இடைவெளி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. டீக்கடையில் கொம்பையா பன்னை டீயில் முக்கிக்கொண்டே சொன்னான்.

"என்ன அண்ணாச்சி, கை காட்டுனா மணியக் காணோம். கம்ப்யூட்டர் ரூமுக்குப் போறதுக்கு முன்னாலயே எங்கள மறந்தாச்சோ?"

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான், டீக்குக் காசையும் அவனே கொடுத்தான். சிரித்த வாய் நேற்று இரவு முழுக்க வலித்தது. மணியக் காணோம். மணியக் காணோம். இப்போது நாலாவது பெட்டி முடிந்து ஐந்தாவது தொங்குகிறது, படத்தில் காற்றின் வேகத்தைச் சிந்துஜா கூட்டியிருக்கிறாள் போல, பெட்டி வீசுகிறது, அவன் கண்ணை மூடியபடியே கூடவே ஓர் அடி போய் அதைப் பிடித்தான், சுருதியிலேயே தெரிகிறது பிடித்துவிட்டோம் என்று, இவ்வளவு அழகாக நிஜத்தில்கூடப் பிடித்ததில்லை. சூப்பருங்ணா என்று எங்கேயோ மல்லிகைக்குப் பக்கத்திலிருந்து சிந்துஜா சொன்னாள். கண்ணில்லாதவனைப் பார்த்துச் சூப்பர் என்கிறது இந்த நாற்காலி. தை பிறந்தால் இதே நாற்காலியிலிருந்து நிஜப் பெட்டி ஓடும், நிஜக் கொம்பையா கையைக் காட்டுவான், இவன் எண்ணிக்கொண்டிருப்பான், நாலு, ஐந்து, ஆறு. கேட்டில் போய் நின்றால் என்ன. லாரி நம்பர் எழுதினால் கை அழுகிவிடுமா. செல்வின் நிற்கவில்லையா. செல்வினைப் பார்க்கும்போதெல்லாம் நீ ஏன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறாய். கேட்டில் நிற்கிறவனுக்குக் கடல் தெரியாது, சுவர்தான் தெரியும். அண்ணன் கேட்பான், படகும் போச்சு, கிரேனும் போச்சு, அடுத்து என்னடா, நடக்கும்போதும் வாந்தி வருமா. அப்பா இருந்திருந்தால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். எழுப்பாமல் விட்டிருப்பார். அதுதான் தாங்காது. இன்னும் மூன்று பெட்டிதான், மூடியே முடித்துவிடலாம், முடித்துவிட்டு நாளையிலிருந்து கண்ணைத் திறந்து பழகிக்கொள்ளலாம், மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை. பழகியதுதானே நேற்று ஏழு வரை எண்ணியது.

பதினொன்று. ஆறாவது பெட்டியை இறக்கக் கண்ணைத் திறந்தான். லாரிக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை மனுஷன் நின்றிருந்தான், ஆரஞ்சுச் சட்டை, மஞ்சள் தொப்பி, முகத்தில் முகம் இல்லை. முந்தின இரண்டு தடவையும் அவன் அங்கே நின்றானா, இன்றைக்குத்தான் வைத்தார்களா, தெரியவில்லை. எப்படித் தெரியும். கஸ்பார் லிவரை நிறுத்தினான். பெட்டி அந்தரத்தில் ஆடி, ஆட்டம் குறைந்து, நின்றது. பொம்மை கையைத் தூக்குமா என்று காத்திருந்தான். அது தூக்கவில்லை. இடது லிவரின் தலையில் மணிப் பொத்தான் ஒன்று இருந்தது, அதற்கு மதிப்பெண் கிடையாது என்று சிந்துஜா முதல் நாளே சொல்லியிருந்தாள், அதனால் யாரும் தொடுவதில்லை. அவன் அழுத்தினான். மணி அடித்தது. பொம்மை திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அழுத்தினான். கண்ணை மூடாமலே வைத்திருந்ததில் கடல் மெல்லச் சரிந்து, வானமும் கூடவே சரிந்து, எச்சில் வாய்கொள்ளாமல் நிறைந்தது. எதுக்குங்ணா நிறுத்திட்டீங்க, நேரம் ஓடுது என்று சிந்துஜா கேட்பதும், டக்கும், மூன்றாவதாக ஒரு மணியும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டன. ஹெட்செட்டைக் கழற்றினான். அறை வெளிச்சமாக, சின்னதாக, வெள்ளையடித்து இருந்தது. காலடியில் இருந்த வாளியை இழுத்து வைத்துக்கொண்டு எடுத்தான். காலையில் தின்ற இட்லியோடு இஞ்சிமரப்பாவும் வந்தது. சிந்துஜா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றாள். கொப்பளித்தான்.

"தொண்ணூத்தி நாலு ஓடுதுங்ணா" என்றாள் அவள். "நாலு நிமிஷம்தான் பாக்கி. மாட்டிக்கிட்டீங்கன்னா வாந்தி எடுத்தத நான் எழுத மாட்டேன்."

அவள் குரலில் தந்திரம் ஒன்றும் இல்லை, இரக்கம்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் செருமுவது கேட்டது. கஸ்பார் ஃபேனைப் பார்த்தான். வலது கோடிக்குப் போய், டக். ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது, வேப்பமரமும் அந்தப் பக்கம்தான், கொஞ்சம் ஆடியது, அது காற்றா கண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"கண்ண மூடிக்கிட்டுத்தாம்மா ஓட்டுனேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஸ்கிரீனில் இருந்த எண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இன்னிக்கா என்றாள். மூணு தடவையும் என்றான். நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தான், வந்தது பயம். தேறியவர்கள் என்று இந்த அறையிலிருந்து எழுதி அனுப்பிய மதிப்பெண்களை அவள் ஒவ்வொன்றாக யோசிப்பதுபோலத் தெரிந்தது. பிறகு தாழ்ந்த குரலில், நான் மாட்டிக்கிட்டாலே எட்டு நிமிஷந்தாங்ணா தாங்கும், யார்கிட்டயும் சொல்லிறாதீங்க என்றாள். அவன் தலையசைத்தான். தாளைக் கொடு என்றான்.

பதினாறு கேள்வியையும் முதல்முறையாக வாசித்தான். குமட்டல், அதிகம். எச்சில் ஊறுதல், அதிகம். தலைச்சுற்று, கண் திறந்திருக்கையில், அதிகம். தலைச்சுற்று, கண் மூடியிருக்கையில் என்று தனியாக ஒரு கேள்வி இருந்தது, அதில் பேனா நின்றது, இல்லை என்று போட்டான். அது உண்மை. நேற்று நடந்ததற்குக் கட்டம் எதுவும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம், கொம்பையாவின் பெயரும் கிரேன் நம்பரும் போட்டு, நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டான். அப்புறம் போனை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில் மூன்றாம் நம்பருக்கு வேறே ஆளைப் போடும் என்றான். அவர் எரிந்து விழுந்தார், காய்ச்சலா என்றார், பேதியா என்றார். என் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் ஏற மாட்டேன் என்றான், அவருக்கு அது விளங்கவில்லை, விளங்கினதும், சரி, நேரில் வாரும் என்று வைத்துவிட்டார். நேரில் போக வேண்டும். அதற்கு முன்னால் லேஷிங் கொட்டகைக்குப் போக வேண்டும். கொம்பையா சிரிப்பானா, கையை ஓங்குவானா, அதுவும் தெரியாது. எழுந்தான். தரை ஒரு விரற்கடை நகர்ந்தது, பொறுத்தான், வந்து சேர்ந்தது.

கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிடப் போன சிந்துஜாவை, ஒரு நிமிஷம் இரும்மா என்றான். பாதியில் விட்ட துணி மேசை ஓரத்திலேயே கிடந்தது. அதை எடுத்து, ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து, ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றி படுகிற இடத்திலிருந்து ஸ்பஞ்சைத் துடைக்க ஆரம்பித்தான்.